காரணம் எழுதப்படாத நிரல்

திண்டுக்கல் பூச்சந்தையில் பொழுது விடியுமுன்பே நிலக்கோட்டை மல்லிகையின் அன்றைய விலையைப் பேசி முடிக்கும் வியாபாரியின் ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும், 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுக்குத் துணையாக இடம்பெற்ற, சென்னை சி-டாக் நிறுவனத்தாரின் ‘பாஸ்’ என்னும் தொகுப்பிலும், உலகத்தின் பெரும்பாலான சர்வர்களிலும் அடித்தளமாக நின்று உழைப்பது ஒரே நிரல்தான். அது லினக்ஸ் கர்னல். 1991ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பின்னர் தேசம் தேசமாக ஆயிரக்கணக்கானோர் கைசேர்த்து வளர்த்த அந்த நிரல் இன்று மூன்று கோடி வரிகளுக்கும் மேலாகப் பெருகியிருக்கிறது. அதில் நினைவக நிர்வாகம் என்று சொல்லப்படும் பகுதி அளவில் மிகச் சிறியதே. ஆயினும் மற்ற எல்லாப் பகுதிகளும் அதன் தயவில்தான் வாழ்கின்றன. அந்தச் சிறு பகுதியில் காணப்படும் சில விசித்திரங்களைப் பற்றியும், அவற்றின் காரணங்களை உரிய காலத்தில் எழுதிவைக்காமற்போனதால் நேர்ந்த விபரீதங்களைப் பற்றியும், எழுதிவைக்கும் பணியில் நம் நாட்டவர் ஆற்றியுள்ள தொண்டைப் பற்றியும் நம் மாவட்டத்து மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் அந்த நிர்வாகம் நடைபெறும் முறையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். யந்திரத்திலுள்ள ராம் நினைவகத்தைக் கர்னல் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாகக் கணக்கிடுகிறது. 4 ஜி.பி. நினைவகமுள்ள மடிக்கணினியில் இப்படி 10,48,576 பக்கங்கள் உண்டு. ஒவ்வொரு பக்கமும் இப்பொழுது யாருடைய உபயோகத்தில் இருக்கிறது, எத்தனை இடங்களிலிருந்து சுட்டப்படுகிறது, அதில் புதிதாக எழுதப்பட்டது வட்டில் சேர்ந்துவிட்டதா என்ற விவரங்களை வைத்திருக்கும் குறிப்பு ஒன்றுக்கு 64 பைட் வீதம், கணக்கு எழுதிவைப்பதற்கு மட்டுமே 64 எம்.பி. செலவாகிறது. இவ்வளவு இடமும் கணக்குக்கே போய்விடுகிறதே என்ற கவலையினால், அந்த 64 பைட்டுக்குள் ஒரே இடத்தையே பல அர்த்தங்களில் பயன்படுத்தினார்கள் கர்னலை எழுதியவர்கள். பக்கம் ஒரு கோப்புக்குரியதாக இருந்தால் அவ்விடத்துக்கு ஒரு பொருள், கர்னலின் சொந்தச் சிறு தேவைகளுக்குரியதாக இருந்தால் வேறொரு பொருள். எந்த நேரத்தில் எந்தப் பொருள் என்பதை அறியாதவர் அந்தக் குறிப்பில் கைவைத்தால் அனர்த்தம் நேரும்.

இந்தப் பக்கங்களை எந்தப் புரொகிராமும் நேரே பார்ப்பதில்லை. ஒவ்வொரு புரொகிராமுக்கும் கர்னல் ஒரு கற்பித முகவரி வெளியைக் கொடுத்து, அந்த முகவரி எந்தப் பக்கத்தைச் சேர்கிறது என்பதைப் பக்க அட்டவணை என்னும் பல அடுக்கு அட்டவணையில் பதிந்துவைக்கிறது. பிராசசர் ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் இந்த அட்டவணையைக் கொண்டுதான் உண்மையான இடத்தைக் கண்டுகொள்கிறது. அட்டவணையில் பதிவு இல்லையென்றால் பிராசசர் வேலையை நிறுத்திக் கர்னலிடம் முறையிடும். அதற்குத்தான் பேஜ் ஃபால்ட் என்று பெயர். பெயரைப் பார்த்து ஏதோ குற்றம் நேர்ந்துவிட்டதென்று எண்ணிவிடக் கூடாது. இது நொடிக்கு ஆயிரக்கணக்கில் நிகழக்கூடிய சர்வசாதாரணமான காரியம்.

ஏன் அவ்வளவு சாதாரணம் என்றால், கர்னல் நினைவகத்தைக் கேட்டவுடன் கொடுப்பதில்லை. ஒரு புரொகிராம் 100 எம்.பி. வேண்டும் என்று விண்ணப்பித்தால், முகவரிகளை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பக்கம் ஒன்றைக்கூட எடுத்துவைக்காமல் ‘ஆயிற்று’ என்று பதில் சொல்லிவிடுகிறது. அந்த முகவரியிலிருந்து வாசிக்க முற்பட்டால், முழுதும் பூஜ்யங்களால் நிரம்பிய பொதுப் பக்கம் ஒன்றைக் காட்டுகிறது. எழுத முற்படும் அந்தக் கணத்தில்தான் உண்மையான பக்கம் ஒன்றைத் தேடிக் கொடுக்கிறது. இதனால் யந்திரத்தில் உள்ளதைவிட அதிகமான நினைவகத்தைக் கர்னல் வாக்களித்துவிடுவது உண்டு. ஒரு புரொகிராம் தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்கும்போது, இரண்டுக்கும் முழு நினைவகத்தையும் அப்போதே ஒதுக்க வேண்டுமென்று விதித்தால், பெரும்பாலும் ஒருபோதும் எழுதப்படாத பக்கங்களுக்காக யந்திரம் முடங்கிப்போகும் என்பதே இந்தத் தாராளத்துக்கு நியாயம். 0, 1, 2 என்ற மூன்று எண்களால் நிர்வாகி இதனைக் கட்டுப்படுத்தலாம். வாக்கு எல்லை மீறி, கொடுக்கப் பக்கமே இல்லாத நிலை வந்தால், இயங்கிக்கொண்டிருக்கும் புரொகிராம்களில் ஒன்றைத் தேர்ந்து கர்னலே கொன்றுவிடும். இவையெல்லாம் நன்றாக எழுதிவைக்கப்பட்டிருப்பதால், அறிந்துகொள்ள விரும்புவோருக்கு எளிதில் எட்டுகின்றன.

எழுதிவைத்தலின் மேன்மையைக் காட்டும் மற்றொரு சிறு உதாரணத்தைச் சொல்லுகிறேன். அது எனக்கு மிகவும் பிடித்தமானது. கர்னலின் உள்ளேயே ஒரு பகுதி மற்றொரு பகுதியிடம் நினைவகம் கேட்கும்போது, கணக்கிட்டுவந்த அளவு சில சமயம் பூஜ்யமாக அமைந்துவிடும். பூஜ்யம் பைட் கேட்பவருக்கு என்ன கொடுப்பது? 2007ஆம் ஆண்டு முதல் கர்னல் இதற்குக் கொடுக்கும் விடை, 16 என்ற முகவரி. முதன்முறை படிப்பவருக்கு இது எவரோ அசட்டையாகப் போட்டுவைத்த எண்ணாகத்தான் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பூஜ்யத்தையே முகவரியாகத் திருப்பித் தந்தால் அது ‘நினைவகம் இல்லை’ என்ற தோல்விக்குரிய அடையாளமாகிவிடும், இங்கே தோல்வி ஒன்றும் நேரவில்லை. உண்மையான முகவரி ஒன்றைத் தந்துவிட்டாலோ, பூஜ்யம் பைட் மட்டுமே தனக்குரியது என்பதை மறந்து ஒருவர் அதில் எழுதினால், அடுத்தவருடைய தகவல் சத்தமின்றி அழியும். முகவரி வெளியின் முதற்பக்கமோ வழக்கமாக எவருக்கும் ஒதுக்கப்படாமல் விடப்படுவது. ஆகவே 16ஆவது முகவரியைத் தொட்ட மாத்திரத்தில் குற்றம் வெளிப்பட்டு, குற்றவாளியும் கையோடு பிடிபடுவான். அதே 16ஐ ‘விடுவித்துவிடு’ என்று திருப்பிக் கொடுத்தால் மட்டும் கர்னல் ஆட்சேபமின்றி ஏற்றுக்கொள்ளும். இந்த விவேகத்தின் சாரம் அந்த எண்ணுக்கு மேலேயே சில வரிக் குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால், ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் அதைப் ‘பிழை திருத்தம்’ செய்து பூஜ்யமாக்கியிருப்பார். செய்தவரைக் குறை சொல்லவும் நமக்கு வழியிருக்காது.

நம் ஊர்ப் பூட்டுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த நிலைமையை விளக்கவே வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் கையினாலேயே செய்யப்பட்டு வந்தது. மாங்காய்ப் பூட்டானாலும், சாவியைத் திருப்பும்போது மணியொலிக்கும் மணிப் பூட்டானாலும், உள்ளே உள்ள தகடு ஒன்றின் விளிம்பு மற்றவற்றைப்போல் இராமல் சற்றே கோணலாக அராவப்பட்டிருந்தால், அது கள்ளச் சாவியை ஏமாற்றுவதற்காகச் செய்த யுக்தியா, கை தவறியதால் வந்த கோணலா என்பதைச் செய்த கம்மியரே சொல்ல முடியும். அலிகார் யந்திரப் பூட்டுகளின் போட்டியால் தொழில் நலிந்து, கம்மியரின் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்விட்ட பிறகு, பூட்டு இன்னும் திறக்கிறது, மூடுகிறது. பழுது வந்தால் எந்தக் கோணலை நிமிர்த்தலாம், எதைத் தொடலாகாது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

கர்னல் எழுதும் கலையில் இந்தக் குறை மிகப் பழையது. 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில், நினைவகத்திலிருந்து வட்டுக்கு ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு புரொகிராமை மீண்டும் அழைத்து இயக்கும் இடத்தில், சில வரிகள் நிரலும், அவை செய்வதைச் சொல்லும் ஒரு குறிப்பும், அந்தக் குறிப்பின் இறுதியில் இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டுமென்று எதிர்பார்க்கப்படவில்லை என்ற கருத்தில் ஒரு வாக்கியமும் இருந்தன. அந்த இடத்தில் ஒரு செயற்கூறு தன்னை அழைத்தவரிடம் திரும்பாமல், முன்பு வேறொரு சமயம் நிலையைச் சேமித்துவைத்த மற்றொரு செயற்கூற்றை அழைத்தவரிடம் போய்ச் சேரும். பல ஆண்டுகள் கழித்து டெனிஸ் ரிச்சி, அந்த வாக்கியம் பரீட்சைக்கு வராது என்று ஆசிரியர் மாணவரிடம் சொல்வதுபோல் எழுதப்பட்டதேயன்றி அகம்பாவத்தால் எழுதப்பட்டதல்ல என்று விளக்கியதோடு, உண்மையில் அங்கே நடப்பது தங்களுக்கே சரியாக விளங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். பி.டி.பி.-11 யந்திரத்தின் கம்பைலர் ஒரு குறிப்பிட்ட முறையில் நடந்துகொண்டதனால் மட்டுமே அது வேலை செய்தது. யூனிக்ஸை இன்டர்டேட்டா என்ற வேறொரு யந்திரத்துக்குக் கொண்டுபோனபோதுதான், அந்த அமைப்பே அஸ்திவாரமற்றது என்று அவர்களுக்குத் தெரியவந்தது.

அதே ஆறாம் பதிப்பின், பத்தாயிரத்துக்கும் குறைவான வரிகளை, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் தம் மாணவர்களுக்காக வரிவரியாக எடுத்து வியாக்கியானம் எழுதினார். அடுத்த பதிப்பின் உரிமை நிபந்தனைகள் நிரலை வகுப்பறையில் பயன்படுத்த இடந்தராமற்போகவே, அந்த உரை இருபது ஆண்டுகள் நகலுக்கு நகலாகக் கைமாறி, 1996ஆம் ஆண்டுதான் முறைப்படி அச்சேறியது. உரையாசிரியர்களின் மரபில் வளர்ந்த தமிழருக்கு லயன்ஸின் காரியம் புதுமையாகத் தோன்றாது. மூலத்துக்கு நிகரான மரியாதையை உரைக்கும் தந்த நாடு இது. அப்படியிருந்தும் கணிப்பொறித் துறையில் உரையெழுதுவதை இரண்டாந்தர வேலையாக நம் கல்லூரிகள் கருதிவருவது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது.

எழுதப்படாத விதி எத்தனை பெரிய அபாயமாக வளரக்கூடும் என்பதை 2014ஆம் ஆண்டின் இறுதியில் லினக்ஸ் உலகம் கண்டது. கர்னலுக்குள் நினைவகம் கேட்கும் எவரும், கிடைக்காமலும் போகலாம் என்ற நினைவோடு விடையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது எல்லாருக்கும் போதிக்கப்பட்ட பாடம். வட்டில் கோப்புகளை ஒழுங்காக வைத்துப் பேணும் கோப்பு முறைகளை எழுதியவர்கள் அந்தப் பாடத்தை நம்பி, நினைவகம் மறுக்கப்பட்டால் பின்வாங்குவதற்கான பாதைகளைப் பெருமுயற்சியோடு எழுதிவைத்திருந்தார்கள். ஆனால் நினைவகம் வழங்கும் பகுதியோ, எட்டுப் பக்கங்களுக்கு, அதாவது 32,768 பைட்டுக்கு, மிகாத சாதாரண விண்ணப்பம் எதையும் மறுப்பதே இல்லை. கிடைக்கும்வரை திரும்பத் திரும்பத் தேடும், தேவையானால் வேறொரு புரொகிராமைக் கொன்றுவிட்டுத் தேடும். நினைவக நிர்வாகத்தோடு நெருங்கிய சிலருக்கு இது தெரியும். கோப்பு முறைகளைப் பேணிவந்தவர்களுக்குத் தெரியாது. டெட்சுவோ ஹாண்டா என்ற ஜப்பானியர் செய்து காட்டிய பரிசோதனையில் விளைவு பிரத்தியட்சமாயிற்று: எக்ஸ்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறையில், ஒரு சமயத்தில் ஒருவரே கையாளும்படி காக்கும் மென்பொருள் பூட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு புரொகிராம் நினைவகம் கேட்கிறது. கர்னல் நினைவகத்துக்காக வேறொரு புரொகிராமைக் கொல்லத் தீர்மானிக்கிறது. கொல்லப்பட வேண்டிய புரொகிராமோ அதே பூட்டுக்காகக் காத்திருப்பதனால் சாகவும் முடியவில்லை. ஒன்றையொன்று நோக்கி இரண்டும் நிற்க, யந்திரம் உறைந்துபோகிறது.

இந்த விதியை எடுத்துவிட்டால் என்ன என்று உடனே கேட்கத் தோன்றும். எடுத்தால் அதைவிடப் பெரிய ஆபத்து காத்திருந்தது: பின்வாங்குவதற்கென்று எழுதிய அத்தனை பாதைகளும் பல ஆண்டுகளாக ஒருமுறைகூட நடக்கப்படாதவை, அவற்றில் எத்தனை பிழைகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன என்று யாராலும் சொல்ல இயலாது. விசித்திரம் ஒன்று எழுதப்படாமலே பல ஆண்டுகள் நிலைத்துவிட்டால், அதன்மேல் மற்றவர்கள் வீடு கட்டிவிடுகிறார்கள். பிறகு அதைத் தோண்டி எடுக்க வழியில்லை. கடைசியில், கொல்லப்படும் புரொகிராம் சாகும்வரை காத்திராமல் அதன் நினைவகத்தை முன்கூட்டியே மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றை மிகால் ஹோக்கோ என்ற பொறியாளர் 2016ஆம் ஆண்டு சேர்த்தார். கேட்பவர் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்வதற்கான புதிய அடையாளங்களும் அடுத்த ஆண்டு வந்தன. இன்று கர்னலின் வழிகாட்டி ஏட்டில், சிறு விண்ணப்பங்கள் நடைமுறையில் மறுக்கப்படுவதில்லை, ஆயினும் அது உறுதிமொழி ஆகாது, எனவே சோதித்துப் பார்ப்பது கடமை என்று நேர்மையாக எழுதப்பட்டிருக்கிறது. நடப்பது இன்னது, நம்பத்தக்கது இன்னது என்று இரண்டையும் பிரித்துச் சொல்லும் அந்தக் குறிப்பு முதலிலேயே இருந்திருந்தால், பல ஆண்டு உழைப்பு மிச்சமாகியிருக்கும்.

இதைக்காட்டிலும் கனமான சம்பவம் 2016ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வெளிப்பட்ட ‘டர்ட்டி கவ்’ என்னும் பாதுகாப்புக் குறை. வாசிப்பதற்கு மட்டும் அனுமதியுள்ள கோப்பு ஒன்றை ஒரு புரொகிராம் தன் முகவரி வெளியில் தனக்கு மட்டும் உரிய பிரதியாக இணைத்துக்கொண்டு அதில் எழுத முனைந்தால், கர்னல் மூலப் பக்கத்தைத் தொடாமல் அதற்கு ஒரு நகல் எடுத்துக் கொடுத்து, அந்த நகலில் எழுதச் செய்ய வேண்டும். நகல் எடுத்தாயிற்று, இனி எழுதும் உரிமையைப் பற்றி விசாரிக்க வேண்டாம் என்று கர்னல் முடிவு செய்யும் கணத்துக்கும், உண்மையாக எழுதும் கணத்துக்கும் இடையிலுள்ள மிக நுண்ணிய இடைவெளியில், அதே புரொகிராமின் மற்றொரு கிளை அந்த நகலைத் தூக்கி எறிந்துவிட்டால், கர்னல் மீண்டும் பக்கத்தைத் தேடும். இம்முறை எழுத்துரிமை விசாரணை கைவிடப்பட்டிருப்பதால் மூலப் பக்கமே கையில் அகப்படும். எழுத்து மூலத்திலேயே விழும். சாதாரணப் பயனாளர் ஒருவர் யந்திரத்தின் கடவுச்சொல் ஏட்டையே திருத்தி, அதன் முழு அதிகாரத்தையும் கைப்பற்றிவிடலாம். ஃபில் ஓஸ்டர் என்ற நிர்வாகி, தம் சர்வர் தாக்கப்பட்டபோது பதிவான இணையப் போக்குவரத்திலிருந்து இதைக் கண்டெடுத்தார். 2007ஆம் ஆண்டின் கர்னல் முதல் ஒன்பது ஆண்டுகளாக இந்த வாசல் திறந்தே இருந்தது; ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் இதற்கு விலக்கல்ல.

திருத்தத்தை எழுதிய டோர்வால்ட்ஸ் அதனுடன் சேர்த்து வைத்த குறிப்புதான் இங்கே நமக்கு முக்கியமானது. இந்தக் குறையை அவரே 2005ஆம் ஆண்டில் கண்டு திருத்த முயன்றிருந்தார். அந்தத் திருத்தம், பக்கத்தில் எழுதப்பட்டதா என்பதை அறிவிக்கும் அடையாளத்தைப் பக்க அட்டவணையில் பார்த்து முடிவு செய்வதாக இருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் எஸ்-390 வகைப் பெருங்கணினிகளோ அந்த அடையாளத்தைப் பக்க அட்டவணையில் வைப்பதே இல்லை; பௌதிக நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்தோடும் பிணைந்த தனித் திறவு எண்ணில் வைத்திருந்தன. அந்த யந்திரத்தில் திருத்தம் சங்கடம் விளைவித்ததனால், சில நாட்களிலேயே அது விலக்கப்பட்டு வேறு வழி கையாளப்பட்டது. அன்று அந்த இடைவெளி ஏட்டளவில் மட்டுமே சாத்தியமான ஒன்றாகத் தோன்றியது. நினைவக நிர்வாகம் மேலும் விரிந்து இயங்கும் திறன் பெற்றபின் அதில் புகுவது எளிதாயிற்று. 2013ஆம் ஆண்டு எஸ்-390இல் அந்த அடையாளத்தை மென்பொருள் மூலமே பக்க அட்டவணையில் வைக்கும் முறை வந்து, பழைய தடை முற்றிலும் நீங்கியது. தடை நீங்கியவுடன், அதன்பொருட்டுக் கைவிடப்பட்ட திருத்தத்தை மீட்டெடுத்திருக்க வேண்டாமா? மீட்டெடுக்க வேண்டும் என்று நினைவூட்டும் குறிப்பு நிரலின் அருகில் இல்லை. காரணம் மாற்றங்களின் பழைய வரலாற்றுக்குள் புதைந்துகிடந்தது. ஒரு விசித்திரத்தை எழுதிவைக்கும்போது, அது என்ன என்பதோடு, யாருக்காக அது ஏற்கப்பட்டது, எந்த நிபந்தனை மாறினால் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பவற்றையும் எழுதாவிட்டால் அந்தக் குறிப்பு அரைக்குறிப்பே என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒவ்வொரு வகைப் பிராசசரும் பக்க அட்டவணையைத் தன் தன் வழக்கப்படி அமைத்துக்கொள்வதுதான் இத்தகைய சிக்கல்களுக்கு ஊற்றுக்கண். கர்னலின் பொதுப்பகுதி, ‘இந்தப் பதிவு இருக்கிறதா’, ‘இதில் எழுதலாமா’, ‘இது பெரிய பக்கமா’ என்று சிறு சிறு கேள்விகளைக் கேட்கும்; அந்தந்தப் பிராசசருக்கென எழுதப்பட்ட துணைச் செயற்கூறுகள் விடை சொல்லும். கேள்விக்கு உரிய சரியான அர்த்தம் என்ன என்பதை நெடுங்காலம் எங்கும் எழுதிவைக்கவில்லை. இந்தக் குறையைப் போக்க முன்வந்தவர் அன்ஷுமன் கண்டுவால் என்ற இந்தியப் பொறியாளர். 2020ஆம் ஆண்டு அவர் கர்னலில் சேர்த்த பரிசோதனை நிரல், யந்திரம் தொடங்கும்போதே இந்தத் துணைச் செயற்கூறுகளை ஒவ்வொன்றாக வினவி, தவறான விடை சொல்வதைக் கண்டால் எச்சரிக்கை எழுப்புகிறது. அதையடுத்து அதே ஆண்டில், ஒவ்வொரு கேள்விக்கும் எதிர்பார்க்கப்படும் பொருளை அட்டவணையாகத் தரும் ஓர் ஏட்டையும் அவர் எழுதிச் சேர்த்தார். ஏட்டை மாற்றுபவர் பரிசோதனையையும், பரிசோதனையை மாற்றுபவர் ஏட்டையும் ஒத்திசையச் செய்ய வேண்டும் என்ற விதியும் அந்த ஏட்டின் முகப்பிலேயே இருக்கிறது. குறிப்பு ஒரு பக்கமும் நிரல் ஒரு பக்கமுமாக விலகிப்போவதைத் தடுக்க இதைவிடச் சிறந்த உபாயம் ஒன்றை நான் அறியேன்.

அவர் வெளிப்படுத்திய விசித்திரங்களில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நிர்வாகச் செலவைக் குறைப்பதற்காகக் கர்னல் 512 சிறு பக்கங்களைச் சேர்த்து 2 எம்.பி. அளவுள்ள பெரும் பக்கமாக ஒரே பதிவில் இணைத்துவைப்பது உண்டு. அந்தப் பெரும் பக்கத்தை மீண்டும் பிரிக்க வேண்டி வரும்போது, பிரித்து முடியும்வரை பிராசசர் அதைப் பயன்படுத்திவிடாதபடி பதிவைச் செல்லாததாக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் கர்னலின் வேறொரு பகுதி வந்து ‘இந்தப் பதிவு இருக்கிறதா’ என்று கேட்டால், என்ன விடை சொல்வது? பிராசசரைப் பொறுத்தவரை அது இல்லை. ஆனால் நினைவகம் எங்கும் போய்விடவில்லை, தகவல் அப்படியே இருக்கிறது. ஆகவே ‘இருக்கிறது’ என்றே சொல்ல வேண்டும். இன்டெல் வகைப் பிராசசர்களுக்கான நிரல் அவ்வாறே சொல்லிவந்தது. கைப்பேசிகளில் பெருவழக்காக உள்ள 64 பிட் ஆர்ம் வகைக்கான நிரலோ, பிராசசரின் கண்ணோட்டத்தையே தன் கண்ணோட்டமாகக் கொண்டு ‘இல்லை’ என்று சொல்லிவந்தது. கேள்வியின் பொருள் ஏட்டில் இல்லாததால் இரு விடைகளில் எது குற்றம் என்று தீர்ப்புச் சொல்லக்கூட ஆதாரம் இருக்கவில்லை. கண்டுவால் பொருளை வரையறுத்து எழுதி, பதிவில் பிராசசர் கவனிக்காத பிட் ஒன்றை இதற்கென ஒதுக்கி, ஆர்ம் நிரலையும் திருத்தினார். அது 2020 டிசம்பரில் வெளிவந்த 5.10 என்ற கர்னல் பதிப்பில் இடம்பெற்றது.

சௌப்திக் ஜோர்தார் என்பவர் 2018ஆம் ஆண்டு தொடங்கிவைத்த மற்றொரு பணியும் இத்தகையதே. பேஜ் ஃபால்ட்டைக் கையாளும் டிரைவர்கள் அதற்கென்றுள்ள நிலைக் குறியீடுகளைத் திருப்பித் தர வேண்டியிருக்க, அவையும் சாதாரணப் பிழை எண்களும் வெறும் எண்களே ஆனதால், சிலர் பிழை எண்களைத் தந்து குழப்பிவந்தார்கள். அவர் அந்த விடைக்கு ஒரு தனிப் பெயருள்ள வகையை ஏற்படுத்தி, முதலில் அதை வெறும் விளக்கக் குறிப்பாக மட்டும் நிலைக்கச் செய்து, டிரைவர் டிரைவராக மாற்றிக்கொண்டே வந்தார். மாற்றம் முடிந்தபின் வகையை உண்மையிலேயே வேறாக்கி, தவறு வெளிப்படும்படி செய்வது திட்டமாக இருந்தது. எழுதிய குறிப்பே காலப்போக்கில் சட்டமாகும் இந்த முறை வியக்கத்தக்கது.

இத்தனைக்குப் பிறகும் செய்யவேண்டியது மிகுதியாகவே இருக்கிறது. கர்னலோடு சேர்ந்து வரும் ஆவணத் தொகுதியில் நினைவக நிர்வாகத்துக்கென 2022ஆம் ஆண்டு ஒரு நூலின் சட்டகம் வகுக்கப்பட்டபோது, பல அத்தியாயங்களுக்குத் தலைப்பு மட்டுமே இருந்தது. பௌதிக நினைவகம் பற்றியும் பக்க அட்டவணைகள் பற்றியும் 2023ஆம் ஆண்டு எழுதிச் சேர்த்தார்கள். மற்றவை மெல்ல மெல்ல வருகின்றன. அதற்கு முன்பு, 2004ஆம் ஆண்டு மெல் கோர்மன் வெளியிட்ட நூல்தான் நெடுங்காலம் இத்துறைக்கு வழிகாட்டி. அது அவர் அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராக இருந்து செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது என்பதைத் திண்டுக்கல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். மேதைகளின் ஓய்வுநேரத்துக்காகக் காத்திராமல், ஒரு மாணவர் பொறுமையோடு வாசித்து, விளங்காததை விசாரித்து, விளங்கியதை எழுதிய காரியம் அது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் உருவான சக்தி பிராசசர், ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த வடிவமைப்பைப் பின்பற்றுகிறது. அவ்வடிவமைப்பின் ஒரு முறையில், முகவரி 39 பிட் நீளமாகவும், பக்க அட்டவணை மூன்று அடுக்காகவும், ஒவ்வொரு அடுக்கிலும் 512 பதிவுகளாகவும் அமைகிறது. சக்தியின் சி வகை இந்த முறையைக் கையாண்டு லினக்ஸை இயக்குகிறது. நம் மாநிலத்தில் பிறந்த ஒரு பிராசசரின் பக்க அட்டவணைக்கும் உலகப் பொதுவான கர்னலுக்கும் இடையே நடக்கும் உரையாடலைப் புரிந்துகொண்டு எழுதுவதற்கு நம் மாணவர்களைவிடத் தகுதியுடையவர் யார்? காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்திலும், பி.எஸ்.என்.ஏ. பொறியியல் கல்லூரியிலும், நகரத்துக் கலைக் கல்லூரிகளிலும் கணிப்பொறி பயிலும் பிள்ளைகள், இறுதியாண்டுத் திட்டம் என்ற பெயரில் பலரும் பலமுறை செய்துமுடித்த ஒன்றையே மீண்டும் செய்வதைக் காட்டிலும், கர்னலின் ஒரே ஒரு செயற்கூற்றை எடுத்துக்கொண்டு, அது ஏன் இப்படி எழுதப்பட்டது என்பதை மாற்ற வரலாற்றில் தேடி, காரணத்தைக் கண்டு, ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், அது ஏற்கப்பட்டு அவர்கள் பெயருடனேயே கர்னலில் நிலைக்கும். ஆசிரியர்கள் அத்தகைய ஒரு பக்கத்தை ஒரு முழுத் திட்டத்துக்குச் சமமாக மதித்து மதிப்பெண் தர முன்வரவேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். கர்னலின் ஆவணங்களில் மொழிபெயர்ப்புக்கென்று தனிப் பகுதி உண்டு. அங்கே சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் முதலிய மொழிகள் இடம்பெற்றிருக்கின்றன. தமிழுக்கு அங்கே இன்னும் ஒரு பக்கம்கூட இல்லை. அந்த முதற்பக்கத்தை எழுத விரும்பும் மாணவர்கள், நினைவகம் கேட்போருக்கான வழிகாட்டி ஏட்டிலிருந்து தொடங்கலாம். அது சிறியது, தெளிவானது, சிறு விண்ணப்பங்களைப் பற்றி மேலே சொன்ன குறிப்பும் அதிலேயே இருக்கிறது.